‘நமக்குள் என்ன கணக்கு’ என்பவரோடு வீடு எடுக்காதீர்கள்

தம்பி, செப்டம்பரில் முதுகலை படிக்க லண்டனுக்கு வருகிறீர்கள். களுவாஞ்சிகுடியில் ஒன்றாகப் படித்த நான்கு பேரும் சேர்ந்து வீடு எடுக்கப் போகிறீர்கள். என்ன குளிர் உடுப்பு வாங்குவது, பகுதிநேர வேலை உடனே கிடைக்குமா, வீட்டுச் செலவை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். குளிர் உடுப்பை இங்கே வந்து வாங்குங்கள், கொழும்பில் வாங்குவது இந்தக் குளிருக்குக் காணாது. வேலையைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன்: படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது, விசாவுக்கே ஆபத்து. செலவுக் கேள்விக்காகத்தான் இருந்து எழுதுகிறேன். அதன் கடைசியில், “எல்லோரும் ஊர்ப் பிள்ளைகள், அதனால் பிரச்சினை வராது” என்று போட்டிருக்கிறீர்கள். பிரச்சினையே அங்கேதான் தொடங்குகிறது.

நான் வந்தது 2010 டிசம்பரில். நூறு வருடங்களில் இப்படிக் குளிர்ந்த டிசம்பர் வந்ததில்லை என்று இங்குள்ளவர்களே சொன்ன மாதம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீடு, உள்ளே எல்லோரும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள். மாடிப்படிக்குக் கீழே மின்மானி. முன்கூட்டியே காசு ஏற்றினால்தான் கரண்ட். அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் சாவி இருக்கும். அதைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பத்துப் பவுண் ஏற்றி, திரும்பி வந்து மானியில் செருக வேண்டும். காசு முடிந்தால் மானி அவசரக் கடனாகக் கொஞ்சம் தரும், அதுவும் முடிந்தால் வீடு இருட்டு. இரவு வேலை முடிந்து பனியில் நடந்து வருகிறவன் எவனோ, அவன்தான் சாவியை எடுத்துக்கொண்டு மறுபடி ஓட வேண்டும். அவன் ஏற்றும் பத்துப் பவுணில் அந்த அவசரக் கடனை மானி முதலில் கழித்துக்கொள்ளும். நேற்று எல்லோரும் ஹீட்டர் போட்டுக் குளிர் காய்ந்ததற்கு இன்று ஒருவன் காசு கட்டுகிறான். அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5.93 பவுண். பத்துப் பவுண் என்பது கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் பெட்டி தூக்கிய காசு.

அந்த வீட்டில் அதிகம் ஓடியவன் நான்தான். கடைத் துண்டுகளை ஒன்றுவிடாமல் பிரிட்ஜின் மேல் ஒரு டின்னில் போட்டு வைத்தேன். அதைத் திறந்து பார்க்க ஒருவரும் வரவில்லை. கேட்டால், “நமக்குள் என்ன மச்சான் கணக்கு, சம்பளம் வரட்டும்” என்பார்கள்.

2011 ஜனவரியில் ஊரில் வெள்ளம். உங்களுக்கும் நினைவிருக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் அறுவடைக்குச் சில கிழமைகளே இருந்த வெள்ளாமை தண்ணீருக்குள் கிடந்தது. அம்மா பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்தார். வாவியைக் கடக்கும் குருமண்வெளித் துறையைத் தாண்டி யாரும் போக முடியாது என்று போனில் சொன்னார்கள். உடனே காசு அனுப்ப வேண்டும், என் காசு அந்த வீட்டில் ஆளாளுக்குச் சிதறிக் கிடக்கிறது. திருப்பிக் கேட்டபோது, வெள்ளத்தைச் சாட்டிப் பழைய கணக்கைக் கிளறுகிறான் என்றார்கள். அவர்களுடைய வீடுகளிலும் தண்ணீர் நின்றது உண்மைதான். ஆனால் அதே மாதம் அவர்களில் ஒருவர் புதுப் போன் வாங்கினார். அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

கைகொடுத்தவர் என்னோடு வேலை செய்த காத்தான்குடி நண்பர் ஒருவர். சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்து, திகதி, தொகை, திருப்பித் தரும் மாதம் மூன்றையும் எழுதி, என் கையொப்பத்தையும் வாங்கிக்கொண்டு 200 பவுணை எண்ணித் தந்தார். கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளச் சொல்லிக் குர்ஆனிலேயே இருக்கிறது, தவறாக எடுக்காதீர்கள் என்றார். நான் திருப்பிக் கொடுத்த அன்று என் முன்னாலேயே அந்த வரியை வெட்டினார். இன்றைக்கும் நோன்புப் பெருநாளுக்கு எங்கள் குடும்பத்துக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு. கணக்கே வேண்டாம் என்றவர்களில் ஒருவரோடும் எனக்குப் பேச்சு இல்லை.

ஊரில் வயல் சொந்தக்காரரான போடியாரும் அவருக்காக வயல் செய்யும் முல்லைக்காரரும் நெல்லைச் சூடடிக்கும் களவெட்டியில் வைத்தே, எல்லோர் கண்முன்னாலும் அளந்து பிரித்தார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடக்க வேண்டும். ஸ்பிளிட்வைஸ் போன்ற ஒரு செயலியை நான்கு பேரும் போனில் இறக்குங்கள். காசு கொடுத்தவர் கடை வாசலிலேயே பதிந்துவிட வேண்டும். யார் யாருக்கு எவ்வளவு என்று அது சுருக்கித் தரும், ஆனால் காசை வாங்கித் தராது. அதனால் மாதத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்று எல்லாக் கணக்கையும் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். பாக்கியை அடுத்த மாதத்துக்குத் தள்ளும் பழக்கத்தைத் தொடங்கவே விடாதீர்கள்.

சாப்பாட்டில்தான் மனம் அதிகம் முறியும். அரிசி, மா, வெங்காயம், எண்ணெய், தேங்காய்ப்பால், பால்மா பொதுவில் இருக்கட்டும். இறைச்சி, மீன், குடிவகை அவரவர் பொறுப்பு. ஒருவர் வெள்ளிக்கிழமை மரக்கறி, ஒருவர் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம். வேறொருவர் அறுக்குளா மீன் வாங்கி அதை நான்காகப் பிரித்தால் அவர்கள் எதற்குக் கொடுக்க வேண்டும்? “ஒரு கிழமைதான்” என்று வந்து ஹாலில் படுக்கும் விருந்தாளியும் இருக்கிறார். சுடுதண்ணீரும் ஹீட்டரும் அவருக்கும் சேர்த்துத்தான் ஓடும். அந்தக் கிழமை தாண்டினால் அவரும் பங்கு போட வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். சின்ன அறைக்காரருக்கு வாடகை குறைவு, அதில் விவாதமே வேண்டாம்.

வாடகை ஒப்பந்தத்தை நிதானமாகப் படியுங்கள். நான்கு பேரும் ஒரே ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டால், ஒருவர் வாடகை கட்டாதபோது முழுத் தொகையையும் மற்றவர்களில் எவரிடமும் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. என் பங்கைக் கட்டிவிட்டேன் என்ற பேச்சு அங்கே எடுபடாது. இங்கிலாந்தில் 2019 ஜூன் முதல், நீங்கள் எடுக்கக்கூடிய வீடுகளுக்கு ஐந்து கிழமை வாடகைக்கு மேல் டிப்போசிட், அதாவது பிணைப் பணம், வாங்க முடியாது. வாங்கியதை 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றில் பதிய வேண்டும். எல்லோரும் முழுநேர மாணவராக இருந்தால், வீட்டுக்காக உள்ளூர்ச் சபைக்குக் கட்டும் கவுன்சில் வரி கிடையாது. வேலைக்குப் போகும் ஒருவரைச் சேர்த்தால் பில் வந்துவிடும். மாணவர் அல்லாதவர் அவர் ஒருவர்தான் என்றால் 25 சதவீதக் கழிவு உண்டு. மீதியை யார் கட்டுவது என்பதை அவர் பெட்டியோடு வரும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஆளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். தன் பெயரில் வீட்டை எடுத்து, தானும் அதிலேயே இருந்துகொண்டு, புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அறை கொடுக்கும் அண்ணன்மார் இங்கே நிறைய இருக்கிறார்கள். டிப்போசிட்டைத் திட்டத்தில் பதிய வேண்டும் என்று நான் சொன்ன விதி அந்த ஏற்பாட்டுக்குப் பொருந்தாது. பற்றுச்சீட்டுக் கேட்டால் “என்னை நம்பவில்லையா” என்று முகம் கறுப்பார்கள். முகம் கறுத்தால் கறுக்கட்டும், வங்கி மூலமாக மட்டும் காசு கொடுங்கள். கல்யாண வீட்டில் கடித உறைக்குள் நூறு பவுண் வைத்துப் படம் எடுக்கிற நம்மவர்கள், கூட இருக்கும் பிள்ளைக்குக் கரண்ட் காசைக் கொடுக்காமல் நாள் கடத்துவதை நான் இத்தனை வருடங்களாகப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

பிறகு நான் வீடு எடுத்தபோது குசினிக் கதவில் ஒரு கொப்பியைத் தொங்கவிட்டேன். வெள்ளைக்காரனாகிவிட்டான் என்று ஊர் வரைக்கும் செய்தி போனது. இங்கே வந்து நான் பழகிக்கொண்டவற்றில் இதுதான் எனக்கு மிகப் பெருமை. அந்த வீட்டில் இருந்த பிள்ளைகள் யாரும் கடனோடு வெளியேறவில்லை. அதில் ஒருவர்தான் என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன்.

நான்கு பேரில் ஒருவருக்கு உண்மையிலேயே முடியாத மாதம் வரும். அப்போது கைகொடுங்கள். கடனாகத் தருகிறீர்களா, சும்மா தருகிறீர்களா என்பதை அந்த நேரமே வாய் திறந்து சொல்லிவிடுங்கள். ஒப்பந்தம் கைக்கு வந்ததும் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். நான் படித்துச் சொன்ன பிறகு கையொப்பம் போடலாம்.