எலி பருந்தை விழுங்கிய கதை

கேள்வி: தேவதைக் கதைகளை வைத்துச் செய்த இசை நகைச்சுவை நாடகங்களில் காதலையும் துணிச்சலையும் பற்றிக் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா, இல்லை எல்லாம் வெறும் பாட்டும் கூத்தும்தானா?

பாட்டும் கூத்தும்தான். ஆனால் அதில் ஒன்று என்னைச் சரியாக மாட்டிவிட்டது. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

‘ஒன்ஸ் அப்பான் எ மேட்ரஸ்’ என்று ஓர் அமெரிக்க நாடகம். 1959இல் நியூயார்க்கில் மேடையேறியது. இசை மேரி ராட்ஜர்ஸ். மூலக்கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆண்டர்சன் 1835இல் எழுதிய பட்டாணி இளவரசி. இருபது மெத்தை, அதன்மேல் இருபது இறகுப் படுக்கை, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பட்டாணி. அது உறுத்தித் தூக்கம் போனால் அவள் அசல் இளவரசி. சிறுவயதில் இதைக் கேட்டபோதே எனக்கு ஒரு கவலை: இப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்டு அந்த இளவரசன் காலமெல்லாம் என்ன பாடு பட்டிருப்பான்!

நாடகத்தில் கதை வேறு மாதிரிப் போகிறது. அரசி அக்ராவெயினுக்கு மகனைப் பிரிய மனமில்லை. வருகிற இளவரசிகளுக்கெல்லாம் ஒரு தேர்வு வைத்து விரட்டுகிறாள். ஆரம்பத்திலேயே பன்னிரண்டாவது பெண் தோற்றுப் போகிறாள். அவளிடம் கேட்ட கடைசிக் கேள்வி, மிருகத்தைக் கொன்ற வாளை அடித்த கொல்லனின் நெருங்கிய நண்பனுடைய மருமகளின் நடுப்பெயர் என்ன என்பது. (வேலைக்கு நேர்காணல் போனவர்கள் இங்கே கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பார்கள்.) இளவரசனுக்குக் கல்யாணம் ஆகும்வரை நாட்டில் வேறு யாரும் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்றும் சட்டம். அரசன் செக்ஸ்டிமஸ் என்ன செய்கிறான் என்றால், ஒன்றும் செய்வதில்லை. அவன் சாபத்தால் ஊமை. எலி பருந்தை விழுங்கும் நாளில்தான் அவனுக்குப் பேச்சு வரும்.

இந்த இடத்துக்குச் சதுப்புநில நாட்டிலிருந்து வந்து சேர்கிறாள் வின்னிஃப்ரெட். பாலம் இறங்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் அகழியில் நீந்தி, சொட்டச் சொட்ட நனைந்து கோட்டைக்குள் நிற்கிறாள். தனக்குக் கூச்ச சுபாவம் என்று கூரை அதிரக் கத்திப் பாடுகிறாள். 1959இல் இந்த வேடத்தில்தான் கேரல் பர்னெட் பெயர் வாங்கினார். 2005இல் இது தொலைக்காட்சிக்கு வந்தபோது அதே பர்னெட் மாமியார் அரசியாக நடித்தார். நான் முதலில் பார்த்தது அந்தத் தொலைக்காட்சி வடிவம். அப்புறம்தான் மேடைப் பிரதியைத் தேடிப் படித்தேன்.

துணிச்சல் என்றதும் எல்லாரும் வின்னிஃப்ரெட்டைத்தான் காட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவள் பிறவியிலேயே அப்படி. பயம் என்ன என்றே தெரியாதவள் அகழியில் குதித்தால் அதற்குப் பெயர் நீச்சல். நாடகத்தில் உண்மையாகவே பயப்படுகிறவன் இளவரசன். அவன் பெயர் டான்ட்லெஸ், அஞ்சாநெஞ்சன் என்று பொருள். பெயர் வைத்தவர்களுக்கு நல்ல குசும்பு. அம்மா பேச ஆரம்பித்தால் இவன் வாய் மூடிக்கொள்ளும். வின்னிஃப்ரெட்டை அவனுக்குப் பிடித்துவிட்டது என்று அரங்கில் கடைசி வரிசையில் இருப்பவருக்குக்கூடத் தெரியும். ஆனால் அம்மாவிடம் போய் அதைச் சொல்ல ஆள் இல்லை.

எனக்கு அவனை நன்றாகத் தெரியும். என் அக்கா தனக்குப் பிடித்தவரைப் பற்றி வீட்டில் சொன்ன அன்று, குடும்பத்துப் பெரியவர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். நான் அதே அறையில்தான் இருந்தேன். அக்கா பக்கம் நியாயம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

சரி, கதைக்கு வருவோம். அரசியின் திட்டம் இது: வின்னிஃப்ரெட்டை இரவெல்லாம் ஆடவிட்டுக் களைக்க வைத்து, அப்புறம் பட்டாணி வைத்த படுக்கையில் தள்ளினால் அவள் கட்டையாகத் தூங்கிவிடுவாள், தேர்வில் தோற்பாள். அதற்கென்றே ஒரு நடனம். மற்றவர்கள் எல்லாரும் சுருண்டு விழுந்த பிறகும் இவள் மட்டும் நிற்கிறாள். ஆனாலும் படுக்கையில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. ஆடுகளை எண்ணுகிறாள், புரளுகிறாள், திட்டுகிறாள். விடிந்ததும் கண் செருகத் தள்ளாடி வந்து நிற்கிறாள். தேறிவிட்டாள்!

அரசி விடுவாளா? மறுபடி ஆரம்பிக்கிறாள். அப்போதுதான் டான்ட்லெஸ் அம்மாவைப் பார்த்து, வாயை மூடு என்று கத்துகிறான். வீர வசனமெல்லாம் இல்லை. குழந்தை அடம்பிடிக்கிற குரல்தான். சாபம் அந்த நொடியில் உடைகிறது, எலி பருந்தை விழுங்கிவிட்டது. ஆயிரம் எலி கூடி இரைந்தாலும் நாகம் ஒரு மூச்சு விட்டால் எல்லாம் முடிந்தது என்று படித்து வளர்ந்தவன் நான். இங்கே ஒற்றை எலி. அரசனுக்குப் பேச்சு வருகிறது, அரசிக்குப் பேச்சு போய்விடுகிறது. அதுவரை அவள் ஆட்டிவைத்த மாதிரியே இனி அவன் அவளை ஆட்டிவைக்கத் தொடங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. சிரிப்புக்காகச் செய்தது, ஆனால் கொஞ்சம் மலிவு.

காதல் பற்றிக் கேட்டீர்கள். காதல் பாட்டுகள் இருக்கின்றன, கேட்கலாம். எனக்குப் பிடித்தது வேறொரு இடம். கல்யாணம் ஆனால் என்ன நடக்கும் என்று ஊமை அப்பா மகனுக்கு வெறும் சைகையில் விளக்குகிறார். மகன் ஒவ்வொன்றாக ஊகித்துச் சத்தமாகச் சொல்கிறான். இரண்டு பேருக்கும் வெட்கம். அந்தக் கோட்டையில் அப்பாவும் மகனும் நிம்மதியாகப் பேசிக்கொள்வது அநேகமாக இந்த ஒரு தடவைதான், அதிலும் ஒருவர் வாய் திறக்கவில்லை.

இன்னொன்று, கதையின் பெரிய குட்டு. வின்னிஃப்ரெட்டைத் தூங்கவிடாதது பட்டாணி இல்லையாம். அரசன், விதூஷகன், பாணன் மூவரும் சேர்ந்து மெத்தைகளுக்கு நடுவில் ஆயுதமும் கவசமும் கையில் கிடைத்ததெல்லாம் திணித்து வைத்திருக்கிறார்கள். அவள் தேறியது மோசடி. நேர்மையாகத் தோற்கட்டும் என்று விடாமல், அநியாயமான தேர்வில் அவளுக்காகத் தில்லுமுல்லு செய்த அந்த மூன்று பேரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதில் பேச முடியாத அரசனும் ஒருவன் என்பது கூடுதல் சந்தோஷம். என்னால் ஒன்றும் முடியாது என்று உட்கார அவனுக்குத்தான் நல்ல சாக்கு இருந்தது. எனக்கு அந்தச் சாக்குகூடக் கிடையாது.

முடிவில் அந்தச் சாமான்களையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டுவிடுகிறார்கள். வின்னிஃப்ரெட் மறுபடி ஏறிப் படுக்கிறாள். அப்போதும் புரளுகிறாள். டான்ட்லெஸ் அடியில் கைவிட்டு அந்தப் பட்டாணியை எடுக்கிறான். அவ்வளவுதான், அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிடுகிறாள்.

இந்த நாடகத்தைப் பார் என்று அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: “அன்று தண்ணீர் குடிக்கப் போனாயே, எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்திருக்கலாம்.”