வாகனக் கேள்வி பதில்: பீட்டிலின் முன் பீமை வீட்டிலேயே வெட்டலாமா?

கேள்வி: என்னிடம் 1963ஆம் ஆண்டு வோக்ஸ்வாகன் பீட்டில் இருக்கிறது. முன்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்துவதற்காக, முன் சக்கரங்களைத் தாங்கும் பீமை நடுவே வெட்டி, உயரத்தை மாற்ற உதவும் பல் வைத்த அட்ஜஸ்டரைப் பற்றவைக்க நினைக்கிறேன். சிறிய வெல்டிங் இயந்திரம் கைவசம் உண்டு. வீட்டிலேயே செய்துகொள்ளலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கழற்றுவதையும் திரும்பப் பூட்டுவதையும் நீங்களே தாராளமாகச் செய்யலாம். பற்றவைப்பதை மட்டும் தேர்ந்த வெல்டரிடம் விட்டுவிடுங்கள். முன் சக்கரங்கள் இரண்டும் ஸ்டியரிங் பாக்ஸும் அந்த பீமைப் பற்றித்தான் நிற்கின்றன. ஓடும்போது அந்த ஒட்டு விட்டுப்போனால் உங்கள் கையில் எதுவும் இருக்காது.

பீம் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு எஃகுக் குழாய்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் மெல்லிய எஃகுப் பட்டைகள் கட்டாக ஓடுகின்றன. கட்டின் நடுப்பகுதி ஒரு திருகாலும் லாக் நட்டாலும் குழாயோடு பிணைக்கப்பட்டிருக்க, இரு முனைகளும் சக்கரத்தைத் தாங்கும் கைகளைப் பிடித்திருக்கின்றன. சக்கரம் ஏறி இறங்கும்போது இந்தக் கட்டு முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. அட்ஜஸ்டர் செய்வதெல்லாம் அந்த நடுப்பிணைப்பைச் சற்றுத் திருப்பி வைப்பதுதான்; அதனால்தான் முன்பக்கம் தாழ்கிறது.

ஆகவே, வெட்டுவதற்கு முன் பட்டைக் கட்டுகளைக் கட்டாயம் உருவி எடுத்துவிட வேண்டும். வெல்டிங்கின் வெப்பம் ஏறினால் பட்டைகளின் பதம் கெட்டுவிடும், உள்ளே மிஞ்சிய கிரீஸும் எரியும். குழாயின் நீளவாக்கில் ஒரு நேர்கோட்டைக் கீறிவைத்துக்கொண்டு வெட்டுங்கள். அந்தக் கோடு இல்லாவிட்டால் பழைய கோணம் எதுவென்று பிறகு சொல்லவே முடியாது. முதலில் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, குழாய் வளையாமல் நேராக இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகே, இடம் மாற்றி மாற்றிச் சிறு சிறு பகுதிகளாக முழுவதையும் முடிக்க வேண்டும்.

பீமுக்கு நேர் மேலே பெட்ரோல் டாங்க் இருப்பதை மறந்துவிடாதீர்கள். அதைக் கழற்றி வெளியே வைத்து, பேட்டரி இணைப்பையும் எடுத்த பிறகுதான் மற்ற வேலை. பீமை வண்டியிலேயே வைத்துக்கொண்டு பற்றவைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஸ்டியரிங், பிரேக் இணைப்புகளை விடுவித்து, மேலே பாடியோடு பிணைக்கும் போல்ட்டுகளையும் சேஸிஸோடு பிணைக்கும் நான்கு போல்ட்டுகளையும் கழற்றினால் பீம் கீழே வந்துவிடும். அப்போது அது உட்காரும் இடத்தில் துரு இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். முடிந்தால் பழைய பீம் ஒன்றைத் தேடி வாங்கி அதை வெட்டுங்கள். 1963இல் பூட்டிய அசல் பீமைத் துடைத்துப் பத்திரப்படுத்துங்கள். ஒருமுறை வெட்டியதை மறுபடி அசலாக்க முடியாது.

உங்கள் வண்டி கிங் பின், லிங்க் பின் வகையைச் (சக்கரத்தைத் தாங்கும் மூட்டுகளில் உருளை ஊசிகள் உள்ள வகை) சேர்ந்தது என்பது நல்ல செய்தி. 1966 மாடலிலிருந்து வந்த பால் ஜாயின்ட் (குண்டு மூட்டு) வகை, அதிகம் தாழ்த்தினால் மூட்டு இறுகி முட்டத் தொடங்கும். ஆனாலும் மிதமாகவே தாழ்த்துங்கள், ஏனெனில் நம் வேகத்தடைகள் இரக்கம் காட்டுவதில்லை. முன்பக்கம் மட்டும் தாழும்போது காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்து, வேகத்தில் வண்டி அலைபாயும். கீழ்க் குழாய்க்கும் சேஸிஸுக்கும் இடையே ஷிம் (இடைத்தகடு) வைத்து, அதற்கேற்ற நீளமான போல்ட்டுகளைப் போட்டு அதைச் சரிசெய்ய வேண்டும். குட்டையான ஷாக் அப்சார்பரும், கடைசியில் சக்கர அலைன்மென்ட்டும் தேவைப்படும். பிரேக் குழாய்களைக் கழற்றியிருந்தால் அவற்றுள் புகுந்த காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு வாகனத்தில் செய்யும் மாற்றங்களுக்கு வரம்பு விதிக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் கேட்டுத் தெளிந்த பின் வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: என் நண்பரின் 1303 சூப்பர் பீட்டிலுக்கும் இதே அட்ஜஸ்டர் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. அந்த வண்டியில் இந்த பீமே கிடையாது. அதன் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட்டில், அதாவது சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணில், நிற்கிறது. முன் டிக்கியைத் திறந்தால், ஸ்டெப்னி சக்கரம் தரையோடு தரையாகப் படுத்திருப்பதைக் கொண்டே அடையாளம் கண்டுகொள்ளலாம். அதைத் தாழ்த்த வேண்டுமானால் சுருள் ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும். அமுக்கப்பட்ட அந்த ஸ்பிரிங்கை உரிய ஸ்பிரிங் கம்ப்ரஸர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) இல்லாமல் யாரும் தொடக் கூடாது.