வட்டம் ஒரு தடவை பொருந்துகிறது, மறு தடவை பொருந்தவில்லை: எதை நம்புவது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். பட்டப்படிப்பு முடித்து வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். "எல்லாப் பேனாக்களும் பெட்டிகள், சில பெட்டிகள் நாற்காலிகள்" என்று இரண்டு கூற்றுகள். "சில பேனாக்கள் நாற்காலிகள்" என்பது முடிவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. விடைப் பகுதியில் "முடிவு பொருந்தாது" என்றிருக்கிறது. மறுபடி வரைந்தால் எனக்கே வராமல் போகிறது. எந்தப் படத்தை நம்புவது? விதிகளை மனப்பாடம் செய்தாலும் தேர்வறையில் குழம்பிவிடுகின்றன.

பதில்: வராமல் போன படத்தைத்தான் நம்ப வேண்டும். கூற்றுகள் உண்மையாக இருக்கும் எல்லா நிலைகளிலும் முடிவும் உண்மையாக இருந்தே தீர வேண்டும். அப்போதுதான் அது பொருந்தும். கூற்றுகளை மீறாமல் முடிவை மட்டும் பொய்யாக்கும் ஒரே ஒரு படம் கிடைத்தாலும் முடிவு விழுந்துவிடும். எனவே முடிவு பொருந்தும்படி வரையாதீர்கள். அதை உடைக்க வழி உண்டா என்று தேடி வரையுங்கள். உங்கள் கணக்கில், கூற்றுகள் இடம் தரும்வரை பேனாவையும் நாற்காலியையும் விலக்கி வையுங்கள். பேனா வட்டம் பெட்டிக்குள் ஒரு மூலையில் இருக்கட்டும். நாற்காலி வட்டம் பெட்டியின் மறுபுறத்தை வெட்டிக்கொண்டு நிற்கட்டும். எந்தக் கூற்றும் மீறப்படவில்லை, முடிவு மட்டும் பொய்.

பேனா எப்படிப் பெட்டியாகும் என்று மனம் முரண்டினால், அதே அச்சில் காசிமேட்டு மீனை வைத்துப் பாருங்கள். எல்லா வஞ்சிரமும் மீன். சில மீன்கள் குளத்தில் வளர்பவை. விரால் இருக்கிறது, கெண்டை இருக்கிறது. ஆகவே சில வஞ்சிரம் குளத்தில் வளர்பவையா? துறைமுகத்தில் மீன் ஏலம் கேட்கும் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கூற்றுகள் இரண்டும் உண்மை, முடிவு பொய். அச்சே பழுது என்று தெரிந்துவிட்டால், அதில் பேனா வந்தாலும் நாற்காலி வந்தாலும் கவலையில்லை.

பயிற்சி வகுப்புகளில் 'வென் படம்' என்று சொல்லித்தருவது பெரும்பாலும் கணித மேதை ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டில் பயன்படுத்திய வட்டங்கள்தான். அந்த முறையில் ஒரு கணக்குக்குப் பல படங்கள் வரும். உங்கள் குழப்பத்தின் வேர் அதுவே. அளவையியல் (தர்க்கம்) அறிஞர் ஜான் வென் 1880-இல் முன்வைத்த முறையில் ஒரே படம் போதும். மூன்று வட்டங்களையும் ஒன்றையொன்று வெட்டும்படி வரையுங்கள். "எல்லாப் பேனாக்களும் பெட்டிகள்" என்றால் பெட்டிக்கு வெளியே பேனா கிடையாது. பேனா வட்டத்தின் அந்தப் பகுதியைக் கோடு போட்டு அடைத்துவிடுங்கள். "சில பெட்டிகள் நாற்காலிகள்" என்றால் பெட்டியும் நாற்காலியும் சேரும் இடத்தில், அங்கே ஒன்றாவது உண்டு என்பதற்கு, ஒரு பெருக்கல் குறி. அந்த இடத்தைப் பேனா வட்டத்தின் கோடு இரண்டாகப் பிரிக்கிறது. எந்தப் பக்கம் குறி போடுவது என்று கூற்று சொல்லவில்லை, ஆகவே குறியைக் கோட்டின் மேலேயே போடுங்கள். கோட்டின் மேல் குறி நின்றால், அதை நம்பி வந்த முடிவு பொருந்தாது.

இங்கே பழுது பெட்டியில் இருக்கிறது. இரு கூற்றுகளிலும் வந்து முடிவில் வராத சொல் அது, அதாவது நடுச்சொல். இரு கூற்றுகளில் ஒன்றுகூட எல்லாப் பெட்டிகளையும் பற்றிப் பேசவில்லை. "எல்லாப் பெட்டிகளும் நாற்காலிகள்" என்று இருந்திருந்தால் முடிவு வந்திருக்கும். "எந்தப் பெட்டியும் நாற்காலி அல்ல" என்று இருந்திருந்தால் எந்தப் பேனாவும் நாற்காலி அல்ல என்பது உறுதியாகியிருக்கும். மனப்பாடம் செய்ய வேண்டுமென்றால் இந்த ஒரு விதியைச் செய்யுங்கள்: ஒரு கூற்றாவது நடுச்சொல் முழுவதையும் பற்றிப் பேச வேண்டும்.

இது தேர்வோடு முடிகிற விஷயம் இல்லை. வீடு வாடகைக்குக் கேட்கும்போதும் நேர்காணலிலும் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று முகவரி சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை நம் பகுதிப் பிள்ளைகள் அறிவார்கள். அவர் மனதில் ஓடுவது இதுதான்: சில குற்றவாளிகள் வடசென்னையில் வசிப்பவர்கள், இந்தப் பையன் வடசென்னையில் வசிப்பவன், ஆகவே இவனும் அப்படித்தான். நடுச்சொல் 'வடசென்னையில் வசிப்பவர்'. அவர்கள் அனைவரையும் பற்றி எந்தக் கூற்றும் பேசவில்லை. இந்த அநியாயத்தை வெறும் மனக்கசப்பாக விழுங்க வேண்டாம். எந்த இடத்தில் அது தவறு என்று உங்களால் விரல் வைத்துக் காட்ட முடியும்.

தேர்வுக்கு இன்னும் சில. கூற்று உலக வழக்கத்துக்கு முரணாக இருந்தாலும் உண்மை என்றே கொள்ளுங்கள். 'சில' என்றால் குறைந்தது ஒன்று, எல்லாமாகவும் இருக்கலாம். ஆகவே "எல்லாப் பேனாக்களும் பெட்டிகள்" என்பதிலிருந்து "சில பேனாக்கள் பெட்டிகள்" என்று வங்கித் தேர்வில் எடுக்கலாம். (கல்லூரியில் நவீன அளவையியல் படித்தவர்கள் மறுப்பார்கள், பேனா என்று ஒன்றாவது இருக்க வேண்டுமே என்பார்கள். தேர்வில் அந்த வாதம் வேண்டாம்.) "சில பேனாக்கள் நாற்காலிகளாக இருக்கச் சாத்தியம் உண்டு" என்று கேட்டால் கதை தலைகீழ்: பொருந்தி வரும் ஒரே ஒரு படம் போதும், நீங்கள் முதலில் வரைந்த படமே விடை.

உங்கள் கணக்கிலேயே இரண்டாவது முடிவாக "எந்தப் பேனாவும் நாற்காலி அல்ல" என்று கொடுத்திருந்தால் கவனம். தனித்தனியே இரண்டும் பொருந்தாது. ஆனால் இரண்டும் ஒருசேரப் பொய்யாக இருக்க முடியாது என்பதால், "இரண்டில் ஏதேனும் ஒன்று பொருந்தும்" என்ற விடையைக் குறியுங்கள்.