செண்டுமல்லியா, சாமந்தியா, கேலண்டுலாவா? கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊரில் துலுக்கச் சாமந்தி என்போம். கோயம்பேட்டில் சாமந்தி கேட்டால் வேறு பூவைத் தருகிறார்கள். இரண்டும் ஒன்றில்லையா ஐயா?

பதில்: கடைக்காரர் கொடுத்தது சரிதான் அம்மா. சாமந்தி என்றால் செவ்வந்தி, அதாவது கிரிசாந்திமம். நீங்கள் தேடியது செண்டுமல்லி. தென்மாவட்டங்களில் கேந்தி என்பார்கள். நாற்றுப் பண்ணைகளில் மேரிகோல்டு என்று விற்பதும் பெரும்பாலும் இதைத்தான். இரண்டும் சூரியகாந்திக் குடும்பம், ஆனால் செடி வேறு. இலையைப் பாருங்கள், தெரிந்துவிடும். செண்டுமல்லி இலை இறகு போலப் பிரிந்திருக்கும், கசக்கினால் வாடை மூக்கைத் துளைக்கும். சாமந்தி இலையில் ஓரம்தான் வெட்டுப்பட்டிருக்கும். அப்புறம், பெயரில் மல்லி இருந்தாலும் மல்லிகைக்கும் இதற்கும் உறவே கிடையாது.

கேள்வி: தோல் வெடிப்புக்கு மேரிகோல்டு களிம்பு நல்லதாமே. வீட்டில் செண்டுமல்லி நிறையப் பூக்கிறது, எண்ணெயில் காய்ச்சலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். களிம்புக்குச் சொல்வது கேலண்டுலா என்ற வேறு செடி. ஐரோப்பாவில் முதலில் மேரிகோல்டு என்று பெயர் பெற்றது அதுதான். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அமெரிக்காவிலிருந்து செண்டுமல்லியைக் கொண்டுபோனார்கள். நிறம் ஒன்றாக இருந்ததால் அந்தப் பெயர் இதற்கும் வந்துவிட்டது. செண்டுமல்லிச் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும். வெடித்த தோலில் தடவவே கூடாது. கேலண்டுலா வளர்க்க ஆசையென்றால் விதையைப் பார்த்து வாங்குங்கள். அது நகம் போல வளைந்து கரடுமுரடாக இருக்கும். செண்டுமல்லி விதையோ கறுப்பு ஊசி மாதிரி, ஒரு நுனியில் வெளிர்க் குஞ்சத்தோடு இருக்கும். கேலண்டுலாவை ஐப்பசியில் விதையுங்கள், நம் சமவெளி வெயிலைத் தாங்காது.

கேள்வி: ஆப்பிரிக்கன், பிரெஞ்ச் என்று இரண்டு வகை விற்கிறார்களே, அந்த நாட்டுப் பூக்களா?

பதில்: இல்லை தம்பி, இரண்டுக்கும் தாய்வீடு மெக்சிகோ பக்கம்தான். அங்கே நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களை நினைத்துப் படைக்கும்போது செண்டுமல்லியைத்தான் குவிப்பார்கள். உயரமாக, பந்து மாதிரி பூப்பது ஆப்பிரிக்கன். குட்டையாக, செம்பழுப்பு கலந்து பூப்பது பிரெஞ்ச்.

கேள்வி: இமயமலை ஈரநிலத்தில் மார்ஷ் மேரிகோல்டு பார்த்தேன். அது?

பதில்: அது குடும்பமே வேறு. பச்சையாகத் தின்றால் நஞ்சு.

கேள்வி: தக்காளித் தோட்டத்தைச் சுற்றி நாலு செடி வைத்தால் புழு வராதா?

பதில்: வரும். செண்டுமல்லி காய்ப்புழுவை விரட்டாது, தன் பக்கம் இழுக்கும். தாய் அந்துப்பூச்சி தக்காளியைவிட இதன் மொட்டையும் பூவையும் விரும்பி முட்டையிடும். அதனால் 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை உயர ரகம் நடுங்கள். இரண்டும் ஒரே சமயம் பூக்க வேண்டும். 25 நாள் தக்காளி நாற்றோடு 40 நாள் செண்டுமல்லி நாற்றை நட்டால் சரியாக வரும். வேரில் முடிச்சு போடும் நூற்புழு உங்கள் கவலை என்றால் வழி வேறு. தக்காளிக்கு முன்னால் அந்த நிலம் முழுக்க நெருக்கமாக, இரண்டு மாதத்துக்குக் குறையாமல் செண்டுமல்லி நிற்க வேண்டும். இதற்கும் கேலண்டுலாவை நட்டுவிடாதீர்கள்.