இறைத்த கிணறு ஊறுமா?

கேள்வி: வீட்டில் நான்தான் மூத்தவள், அரசாங்க வேலை. தம்பியின் கடைக்கு, தங்கையின் மகளின் படிப்புக்கு, மாமாவின் மோட்டார் சைக்கிளுக்கு என்று மாதா மாதம் காசு கேட்கிறார்கள். இல்லை என்றால் அம்மா, "இறைத்த கிணறு ஊறும், இறையாத கேணி நாறும்" என்கிறா. போன மாதம் காப்பை அடகு வைத்துக் கொடுத்தேன். அம்மா சொல்வது சரிதானா, ஐயா?
– வாசகி, உரும்பிராய்

பதில்: பிள்ளை, அந்தப் பழமொழி பொய்யில்லை. ஆனால் அது துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த காலத்துப் பழமொழி. எங்கள் தோட்டக் கிணற்றில் அப்பு துலா மிதிப்பார். பெரியப்பா கீழே நின்று தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடித்து ஊற்றுவார். வெயில் ஏறுவதற்குள் இருவருக்கும் கைகால் ஓய்ந்துவிடும். கிணறு வற்ற முன்னம் மனிதர் களைத்துவிடுவதால், மிச்சப் பொழுதெல்லாம் அது ஊறிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியைப் பழமொழி சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இப்போது மெசின் இறைக்கிறது, அதற்குக் களைப்பில்லை. நம் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்பது மழைத் தண்ணீர். அதற்குக் கீழே உப்புத் தண்ணீர். புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றுக்குப் போனால் தெரியும், மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர். அளவு மீறி இறைத்தாலும் கிணறு ஊறத்தான் செய்யும். உப்பாக ஊறும்.

உங்களிடம் கேட்பவர்களுக்கும் களைப்பில்லை, ஒரு போன் போதும். காப்பை அடகு வைத்துக் கொடுத்தபோது உங்களுக்கு மனம் குளிர்ந்ததா? கடிதத்தைப் பார்த்தால் உவர் ஏறத் தொடங்கிவிட்டதாகவே எனக்குப் படுகிறது. இந்த நிலையில் இன்னும் கொடுத்தால், கொடுத்த கையே ஒருநாள் அவர்களை வெறுக்கும். அதுதான் எனக்குப் பெரிய கவலை.

"தொட்டனைத் தூறும் மணற்கேணி" என்று வள்ளுவர் பாடியது அறிவைப் பற்றி. பொருள் கொடுப்பதற்கு அவர் சொன்னது "ஆற்றின் அளவறிந்து ஈக", அதாவது கையிருப்பின் அளவறிந்து முறையாகக் கொடு என்று. 477-ஆம் குறள், அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் காப்பை மீட்டு எடுங்கள். தங்கையின் மகளின் படிப்புக்கு மட்டும் மாதம் ஒரு தொகை தவறாமல் கொடுங்கள். தம்பிக்குக் கொடுப்பதைக் கடன் என்று எழுதி வையுங்கள். மாமாவின் மோட்டார் சைக்கிளை மாமா பார்த்துக்கொள்ளட்டும்.

அம்மா கோபிப்பா. நீங்கள் பேசாமல் இருந்துவிடாதீர்கள். வயதானவர்கள் பழமொழி சொல்வது பல நேரம் பயத்தில். தன் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விடுவார்களோ என்ற பயம் அம்மாவுக்கு இருக்கும். "காசுதான் குறைக்கிறேன், தம்பி தங்கையை விடமாட்டேன்" என்று அம்மாவிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.