மகளுக்கு போஸ்ட்டாக், பேத்திக்கு டே-கேர்

அம்மா, பி.எச்டி. முடித்துக் குழந்தைக்காக ஒதுங்கியிருந்த மகள் இனி வெளிநாட்டில் போஸ்ட்டாக் (பி.எச்டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி) செய்ய முடியுமா என்று கேட்ட உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் 'வயசு தாண்டிடுச்சு' என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தக் கவலையை இறக்கி வையுங்கள். பெரிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்கள் பலவற்றில் வயது வரம்பே கிடையாது. பி.எச்டி. முடித்து எத்தனை வருஷம் ஆனது என்றுதான் எண்ணுவார்கள். குழந்தைக்காக ஒதுங்கியிருந்த காலத்தை அதிலிருந்து கழித்தும் கொடுப்பார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெல்லோஷிப்பையே எடுத்துக்கொள்வோம். பி.எச்டி.க்குப் பிறகான ஆராய்ச்சி அனுபவம் 8 வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. 2025 சுற்றுக்குக் கடைசித் தேதி செப்டம்பர் 10. ஒரு பெண் 2017 ஜனவரி தொடக்கத்தில் பட்டம் வாங்கியிருந்தால் 8 வருஷம் 8 மாதம் ஆகிவிட்டது, கதவு மூடியாச்சு என்றுதான் தோன்றும். நடுவில் 14 மாதம் மகப்பேறு, குழந்தை வளர்ப்பு என்று போயிருந்தால் மிச்சம் ஏழரை வருஷம்தான். தாராளமாக விண்ணப்பித்திருக்கலாம்.

ஆகவே, இடைவெளியை மறைக்கச் சொல்லும் உறவினர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். தன்விவரக் குறிப்பில் ஒரே வரி போதும்: '2021 மார்ச் – 2022 ஏப்ரல்: மகப்பேறு மற்றும் குழந்தை பராமரிப்பு.' விளக்கமும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம்.

அடுத்து, பெயரில் 'பெண்கள்' என்று இருப்பதை மட்டும் தேடுவது. நான் அடிக்கடி பார்க்கும் தவறு இது. அப்படியும் சில உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஷ்லம்பெர்ஜர் அறக்கட்டளை 2004இல் தொடங்கிய 'ஃபேகல்ட்டி ஃபார் தி ஃபியூச்சர்' வளரும் நாடுகளின் பெண்கள் வெளிநாட்டில் பி.எச்டி.யோ போஸ்ட்டாக்கோ செய்வதற்கென்றே வந்தது. படித்ததைச் சொந்த நாட்டுக்குக் கொண்டுவருவார்களா என்றும் பார்ப்பார்கள். ஆனால் உங்கள் மகளுக்கு உண்மையில் உதவப்போகும் சலுகைகள் பல, பொதுவான ஃபெல்லோஷிப்களின் விதிமுறைக்குள் ஒளிந்திருக்கின்றன. அவர் செல் உயிரியல் என்கிறீர்கள். எம்போ (ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பு), எச்எஃப்எஸ்பி (உயிர் அறிவியலுக்கு உதவும் பன்னாட்டுத் திட்டம்) இரண்டின் ஃபெல்லோஷிப்களிலும் பெற்றோர் விடுப்பு உண்டு, குழந்தைக்கென்று தனி உதவியும் உண்டு. எம்போ ஃபெல்லோஷிப் இரண்டு வருஷம் வரை, எச்எஃப்எஸ்பி மூன்று வருஷம். எம்போவுக்கு ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம்.

ஜெர்மனியில் ஆய்வகம் கிடைத்தால் இன்னொன்றும் இருக்கிறது. 1995இல் நோபல் வாங்கிய கிறிஸ்டியான நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் ஓர் அறக்கட்டளை நடத்துகிறார். குழந்தை உள்ள பெண் விஞ்ஞானிகளுக்கு, வீட்டு வேலைக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கும் ஆள் வைக்கவே அது பணம் தருகிறது. பாத்திரம் தேய்க்கும் நேரம் ஆய்வகத்துக்குப் போகட்டும் என்ற கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த உதவி இது.

ஒரு பொறி மட்டும் உண்டு, கவனம். மேரி கியூரியில், கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் போகப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக்கூடாது. 'முதலில் அந்தப் பேராசிரியர் தரும் சம்பளத்தில் போகிறேன், அங்கிருந்தபடி விண்ணப்பிக்கிறேன்' என்று கிளம்பி, ஒன்றேகால் வருஷம் கழித்துத் தகுதியை இழப்பவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பம் முன்னால், விமானம் பின்னால்.

கையில் வரும் தொகையைவிட, அது சம்பளமா உதவித்தொகையா என்பது முக்கியம். வேலை ஒப்பந்தம் என்றால் சமூகப் பாதுகாப்பும் மகப்பேறு விடுப்பும் பெரும்பாலும் கூடவே வரும். வெறும் உதவித்தொகை என்றால் மருத்துவக் காப்பீட்டைக்கூட நாமே பார்க்க வேண்டியிருக்கலாம். மாப்பிள்ளை வேலை செய்ய முடியுமா என்பதையும் இப்போதே கேளுங்கள். அமெரிக்காவுக்கு ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போனால் துணைவர் அதோடு சேர்ந்த ஜே-2வில் வந்து வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். எச்-1பி என்ற வேலை விசா என்றால், கிரீன் கார்டு வரிசையில் முன்னேறும் வரை எச்-4 விசாவில் வரும் துணைவர் வேலைக்குப் போக முடியாது. ஜே-1இல் சிலருக்கு இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் ஒட்டிக்கொள்ளும். விசாத்தாளிலேயே அது எழுதியிருக்கும்.

இந்த வாரம் மகளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். வைவா (பி.எச்டி. வாய்மொழித் தேர்வு) முடிந்த தேதி, தற்காலிகச் சான்றிதழின் தேதி, பட்டமளிப்பு விழா தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஃபெல்லோஷிப்பும் இவற்றில் எதிலிருந்து எண்ணத் தொடங்குகிறது என்று பக்கத்திலேயே குறித்துக்கொண்டு வரட்டும். மிச்சத்தை நேரில் பேசுவோம்.