40 சதவீதத்தை விடுங்கள், ஒர்க் ஆர்டரை எடுங்கள்

கேள்வி: வீட்டில் கரண்ட் எங்கே வீணாகிறது என்று பார்க்க ஒரு எனர்ஜி ஆடிட்டரை வைத்தேன். காற்றுக் கசிவுச் சோதனையும் சேர்த்துத்தான் ஒர்க் ஆர்டர். வந்தவர் தெர்மல் கேமராவோடு அரை மணி நேரம் சுற்றிவிட்டுப் போய்விட்டார். வெப்பம் புகாமல் இன்சுலேஷன் போட்டு ஜன்னல்களை மாற்றினால் பில் 40 சதவீதம் குறையும் என்று அறிக்கை வந்தது. அவர் கைகாட்டிய கம்பெனியே வேலையைச் செய்தது. நான்கு மாதமாகியும் பில் அப்படியே இருக்கிறது. கேட்டால் மரியாதையில்லாமல் பேசுகிறார், இப்போது போனையே எடுப்பதில்லை. கமிஷன் வாங்கியிருப்பார் என்று சந்தேகம். அடுத்த வாரம் வேறு கம்பெனி வந்து எல்லாவற்றையும் பிரித்துச் சரிசெய்யப் போகிறது. மொத்தச் செலவையும் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்கு இல்லை.

மரியாதையில்லாமல் பேசியதும் போன் எடுக்காததும் வழக்குக்கு உதவாது. கமிஷன் விஷயத்தில் கையில் காகிதம் இருக்கிறதா? இல்லையென்றால் நோட்டீஸிலும் எழுதாதீர்கள், ஆன்லைனிலும் எழுதாதீர்கள். அவர் மானநஷ்ட நோட்டீஸ் அனுப்பினால் பதில் சொல்லி அலைவது நீங்கள்தான்.

40 சதவீதமும் தேறாது. நீங்கள் அனுப்பிய அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் "இது மதிப்பீடு மட்டுமே, பொறுப்பேற்க இயலாது" என்று இருக்கிறது, எல்லாரும் படிக்காமல் விடுகிற பக்கம் அது. 1963-ல், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஹெட்லி பைர்ன் வழக்கில், கவனக்குறைவாகச் சொன்ன ஆலோசனைக்கும் பொறுப்பு வரலாம் என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் வழக்குப் போட்டவர் தோற்றுத்தான் போனார், ஏனென்றால் ஒரு கம்பெனியின் பண நிலவரம் பற்றி அவருக்குத் தகவல் கொடுத்த வங்கி "பொறுப்பேற்க மாட்டோம்" என்று முதலிலேயே எழுதிவிட்டது. போதாததற்கு நான்கு மாத பில் எதையும் நிரூபிக்காது. வெயில் எப்படி இருந்தது, புதிதாக ஏசி வாங்கினீர்களா, வீட்டில் ஆள் கூடியதா என்று எதிர்த்தரப்பு வக்கீல் மூன்று கேள்வி கேட்டால் முடிந்தது.

சட்டப்படி உங்களிடம் இருப்பது ஒரே ஒரு விஷயம், காற்றுக் கசிவுச் சோதனை. வாசற்கதவில் ஒரு பெரிய மின்விசிறியைப் பொருத்தி, வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வரவைத்து, எவ்வளவு காற்று ஓடுகிறது என்று அளப்பார்கள். தெர்மல் கேமராவில் அந்த எண் வராது. ஆனால் உங்கள் அறிக்கையில் "50 பாஸ்கலில் மணிக்கு இத்தனை முறை காற்று மாறுகிறது" என்று ஓர் எண் இருக்கிறது. எங்கிருந்து வந்தது? செய்யாத சோதனைக்கு முடிவு எழுதியிருந்தால் அதற்குப் பெயர் தப்பான மதிப்பீடு அல்ல, பொய். கடைசிப் பக்கத்து வரி அதை அவ்வளவு சுலபமாகக் காப்பாற்றாது.

இப்போது எனக்குப் பயமெல்லாம் உங்கள் அடுத்த வாரத் திட்டத்தைப் பற்றித்தான். நல்ல கேஸோடு வந்த கட்சிக்காரர்கள் பலர் கவிழ்ந்தது இந்த இடத்தில்தான். பொறுக்க முடியாமல் பிரித்துச் சரிசெய்துவிடுவார்கள், பழையதைக் குப்பையில் போட்டுவிடுவார்கள், அப்புறம் என்னிடம் வருவார்கள். எதிர்த்தரப்போ நிதானமாக "எங்கள் வேலையில் குறை இருந்தது என்பதற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்கும். பிரிக்கிற வேலையை உடனே நிறுத்துங்கள். ரிப்பேரில் லாபம் பார்க்காத ஒரு ஆடிட்டரை வைத்து வீடு இன்று இருக்கிற நிலையில் சோதனை செய்யுங்கள். புதுக் கம்பெனிக்காரர் சொல்வது சாட்சி ஆகாது, அவர் தன் சரக்கை விற்க வந்தவர். சோதனை நடக்கும் தேதியை, முன்பு வந்த ஆடிட்டருக்கும் வேலை செய்த கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்து வரச் சொல்லுங்கள். வராவிட்டால் நமக்கு நல்லதுதான். பிறகு பிரித்தாலும், எடுத்த இன்சுலேஷனில் கொஞ்சம் தேதி போட்டு எடுத்து வையுங்கள்.

ஒன்று, இன்றைய சோதனை இன்றைய வீட்டைத்தான் காட்டும், வேலைக்கு முன்பு வீடு எப்படி இருந்தது என்று சொல்லாது. அதனால் அன்றைக்கு விசிறி வரவில்லை என்பதை வேறு வழியில்தான் காட்ட வேண்டும். அவர் வந்ததும் கிளம்பியதும் தெரிகிற வாட்ஸ்அப் செய்திகளைப் பத்திரப்படுத்துங்கள். சிசிடிவி பதிவு பெரும்பாலும் அழிந்திருக்கும், இருந்தாலும் பாருங்கள். அப்புறம், நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே சண்டைத் தொனி எதுவும் இல்லாமல் ஒரு மெயில் போடுங்கள்: "கசிவுச் சோதனையின் தரவுக் கோப்பை அனுப்ப முடியுமா?" கோபமாகக் கேட்டால் அவர் வக்கீலிடம் போய்விடுவார், சாதாரணமாகக் கேட்டால் ஏதாவது பதில் எழுதுவார். அந்தப் பதில் எதுவாக இருந்தாலும் நமக்குத் தேவை.

கடைசியில் சமரசமாகப் போங்கள் என்றுதான் சொல்வேன். ஆடிட் கட்டணம் முழுதாகத் திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இன்சுலேஷன், ஜன்னல் செலவு முழுதும் கிடைக்காது, அவை உங்கள் வீட்டில்தானே இருக்கின்றன, இலவசமாக ஜன்னல் தர எந்த நீதிபதியும் சம்மதிக்க மாட்டார். கட்டணத்தோடு வேலைச் செலவில் ஒரு பங்கு கேளுங்கள், பேரத்தில் கொஞ்சம் இறங்குங்கள். கையெழுத்துப் போடும்போது மட்டும் "எல்லா உரிமைகளும் தீர்ந்தன" என்ற வரி ஆடிட்டரோடு நிற்கிறதா, வேலை செய்த கம்பெனியையும் சேர்த்து விடுவிக்கிறதா என்று பாருங்கள். சேர்த்து விட்டுவிட்டால் நாளைக்கு அந்த இன்சுலேஷன் ஈரம் பிடித்தாலும் கேட்க முடியாது.